வீட்டின் கடைமடைக்கும் வைஃபை எட்ட வேண்டுமா?

"சார், பைபர் லைன் போட்டு எட்டு மாதம் ஆகுது. திண்ணையில உட்கார்ந்தா படம் தடங்கல் இல்லாம ஓடுது. கொல்லைக்கட்டுக்குப் போனா ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேங்குது. மெஷ் ரூட்டர் வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?"

திருவையாறு பக்கம் நடவு வயல் பார்க்கப் போனபோது ஒரு விவசாயி கேட்ட கேள்வி இது. உரத்தையும் பூச்சி மருந்தையும் பற்றிக் கேட்டவர்கள் இப்போது ரூட்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிட்டா, அடங்கல், பி.எம்.கிசான் பதிவு, உழவன் செயலி, கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு என்று எல்லாமே போனுக்குள் வந்துவிட்டன. சம்பா பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருகிறது. அடைமழையும் அப்போதுதான், பொதுச் சேவை மையத்தில் கூட்டமும் அப்போதுதான். வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்று உட்காரும் நேரத்தில் இணையம் பாதியில் நின்றால், அந்தப் போகத்துக்கான பாதுகாப்பே கைவிட்டுப் போகலாம்.

இதே திருவையாற்றில் 2004-ல் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, செயற்கைக்கோள் இணைப்போடு கிராம வள மையம் அமைத்தன. அன்று தகவல் வேண்டுமென்றால் மையத்துக்குப் போக வேண்டும். இன்று தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் நடக்கிறது. தனியார் கேபிள்களும் வாசல்வரை வந்துவிட்டன. வாசலுக்கு வந்த தண்ணீரைக் கடைசி வயல்வரை கொண்டுபோவதுதான் நம் வேலை.

முதலில் நோய் எதுவென்று பாருங்கள்

பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடக் கூடாது என்று சொல்வோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். முதலில் பைபர் பெட்டிக்கு அருகிலேயே நின்று, போனில் வேகம் பார்க்கும் செயலியை ஓட்டுங்கள். நீங்கள் பணம் கட்டும் வேகம் அங்கேயே வரவில்லை என்றால் குறை லைனில் இருக்கலாம். மெஷ் வாங்கினாலும் அது தீராது. இணைப்புக் கொடுத்தவரிடம் புகார் செய்யுங்கள். பெட்டி அருகே நல்ல வேகம், உள்ளே போகப் போகக் குறைகிறது என்றால், வீட்டுக்குள் பங்கீடு சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்து, பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். நான் பார்த்த வீட்டில் அது டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டித் தரையில் கிடந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டு, வயரை நீட்டி, ஆள் உயரத்துக்கு மேல் கூடத்துச் சுவரில் மாட்டச் சொன்னேன். பாதிக் குறை அதிலேயே தீர்ந்தது. இரண்டு அறை ஓட்டு வீடு, சிறிய மாடி வீடு என்றால் பெரும்பாலும் இது போதும். மெஷ் தேவைப்படாது.

சுவர்தான் வரப்பு

நம் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நீளவாக்கில் போகும். ஒன்றரை அடி, இரண்டடிச் செங்கல் சுவர்கள். வைஃபை அலை ஒவ்வொரு சுவரிலும் வலு இழக்கும். கம்பி கட்டிய கான்கிரீட், தகரம், பீரோ, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இன்னும் மோசமாகத் தடுக்கும்.

ரூட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். சில ரூட்டர்களில் வைஃபை பெயரோடு '5ஜி' என்று தெரியும். அது இந்த இரண்டாவது அலைவரிசைதான். செல்போன் கம்பெனியின் 5ஜி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மெஷ் என்றால் என்ன?

ஒரே ரூட்டருக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று பெட்டிகள். ஒன்று பைபர் பெட்டியோடு இணையும். மற்றவை அதனிடம் வாங்கி அடுத்த அறைகளுக்குக் கொடுக்கும். வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நடந்துகொண்டே பேசினாலும் போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும். விலை மலிவான எக்ஸ்டெண்டரும் தூரத்தைக் கூட்டும்தான். ஆனால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடலாம், போனும் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு பெட்டி போதும். நீளமான வீடு அல்லது மாடி இருந்தால் மூன்று. அதற்குமேல் வைத்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல்.
* ஒவ்வொரு பெட்டியிலும் வயர் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் கேபிள் இழுக்க அது வேண்டும்.
* எல்லாப் பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருப்பது நல்லது.
* வாரண்டியும், பக்கத்து ஊரில் சர்வீசும் உண்டா என்று கேளுங்கள்.
* பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் லைனில் வரும் வேகத்தைவிட அதிகமாக எந்தப் பெட்டியும் தராது.

பொருத்தும் முறை

முதல் பெட்டியை பைபர் பெட்டியோடு வயரால் இணையுங்கள். கம்பெனியின் செயலியைப் போனில் இறக்கினால் அதுவே வழிகாட்டும். பைபர் பெட்டியின் பழைய வைஃபையை அணைத்துவிடுங்கள். அதை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்கலாம். அவர் மறுத்தால், மெஷ் செயலியில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் தவறு செய்வது இரண்டாவது பெட்டியில்தான். வைஃபை கிடைக்காத அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். தண்ணீர் வராத இடத்தில் மடை வைத்து என்ன பயன்? முதல் பெட்டியின் வைஃபை இன்னும் நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும். முற்றம் உள்ள வீட்டில் தாழ்வாரம் நல்ல இடம். திறந்தவெளியில் சுவர் இல்லாததால் அலை எளிதாகத் தாண்டும். சாரல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பெட்டிகளுக்கு இடையே 'கேட்-6' வயர் இழுத்துவிடுங்கள். வேகம் குறையவே குறையாது.

கடைசியாக, கடவுச்சொல். ஊர்ப் பெயர், பிள்ளை பெயர் வேண்டாம். செயலிக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வருகிறவர்களுக்கு 'கெஸ்ட்' வைஃபை தனியாகக் கொடுங்கள். வங்கிக் கணக்கு இருக்கும் வீட்டு இணைப்பைத் தெருவுக்குத் திறந்துவிடக் கூடாது.

இன்னொரு பயனும் உண்டு. தடித்த சுவருக்குள் செல்போன் சிக்னல் வராத வீடுகளில், போன் அமைப்பில் 'வைஃபை காலிங்' என்பதை இயக்கினால் வைஃபை வழியாகவே பேசலாம். பல போன்களில் ஓ.டி.பி.யும் அப்படியே வந்துவிடும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு மெஷ் எட்டுமா?

எட்டாது. சாதாரண நெட்வொர்க் வயருக்கே 100 மீட்டர்தான் எல்லை. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மட்டும் என்றால் சிம் கார்டு போட்ட செல்போன் ஸ்டார்ட்டர் போதும்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

பைபர் பெட்டி, மெஷ் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று அணைந்தாலும் அதற்கு அடுத்தது வேலை செய்யாது. ரூட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த நிலையில் எந்த ரூட்டரும் உதவாது. காப்பீடு போன்ற வேலைகளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில்?

மின்னல் தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மாட்டுக் கொட்டகைக்கோ அடுத்த கட்டடத்துக்கோ வெளியே வயர் இழுத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்தச் செம்பு வயர் வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

வீட்டில் பழைய ரூட்டர் சும்மா கிடக்கிறது. பயன்படுமா?

பயன்படும். வயர் இழுத்து, அதில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையை அமைத்தால் கொல்லைக்கட்டுக்குத் தனி வைஃபை கிடைக்கும். செலவு வயருக்கு மட்டுமே.

திருவையாற்றுக்காரர் கடைசியில் இதைத்தான் செய்தார். மெஷ் வாங்க எடுத்து வைத்த பணம் களை எடுக்கும் கூலிக்கு உதவியது. காப்பீட்டை மாடு கட்டும் இடத்தில் நின்றபடியே போனில் பதிவு செய்ததாகச் சொன்னார்.