நன்னாரிக்கு மூடி போடுங்கள்

மதுரை – அருப்புக்கோட்டை சாலையில், சித்திரை வெயில் கொளுத்தும் நேரத்தில் காரியாபட்டியில் இறங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே சர்பத்தைத்தான். கொஞ்சம் நன்னாரிப் பாகு, அரை மூடி எலுமிச்சை, ஐஸ், மேலே சோடா. மேல்நாட்டு மதுக்கூடங்களில் 'சவர்' என்று ஒரு பழைய வகை உண்டு: மது, எலுமிச்சை, சர்க்கரை. அமெரிக்கரான ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட கலவைப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. மதுவைத் தூக்கிவிட்டு நன்னாரியை வைத்தால் நம்ம சர்பத்துதான். வீட்டில் இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வேரை.

நன்னாரி மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினிலும் இதே அணுக்கள், இதே எண்ணிக்கையில் உள்ளன. இணைந்திருக்கும் இடங்கள்தான் வேறு. மாகாளிக் கிழங்கு ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் வருவதும் இதே வாசனைதான். இந்த மூலக்கூறு நீராவியோடு எளிதில் ஏறிப் போய்விடும். வேரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சும்போது வீடெல்லாம் மணக்கிறதென்றால், அந்த மணம் பாத்திரத்தில் இல்லை என்று அர்த்தம். வேரைத் தட்டி, நடுத்தண்டை நீக்கி, தோலை மட்டும் வெந்நீரில் போட்டு, இறுக மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டிய நீரில், அடுப்பில் ஏற்றாமலே சர்க்கரையைக் கரைக்கலாம். காய்ச்சாத பாகு என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? போடலாம். ஆனால் முழுக்கக் கருப்பட்டி என்றால் நன்னாரி தோற்றுப்போகும். பதநீரைக் காய்ச்சும்போது உண்டான கருகல் மணம் அவ்வளவு வலுவானது. கால் பங்கு கருப்பட்டி, மீதி சர்க்கரை என்பது என் கணக்கு.

அடுத்தது சோடா. காரியாபட்டி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குச் சோடா புதிதல்ல; காளிமார்க் நிறுவனம் 1916இல் தொடங்கியது விருதுநகரில்தான். கோலி சோடா பாட்டிலுக்கு வயது இன்னும் அதிகம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளேயிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்து ரப்பரோடு நெருக்கி மூடிக்கொள்கிறது. கட்டைவிரலால் அழுத்தியதும் வரும் 'டப்' சத்தம், அந்த அழுத்தம் விடுபடுவது.

திறந்தபின் எவ்வளவு வாயு தங்கும் என்பது குளிர்ச்சியைப் பொறுத்தது. சாதாரண அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு முழுதாகச் சூழ்ந்திருந்தாலும், ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் 1.3 கிராம்கூட நிற்பதில்லை. அதனால் பாகு, சோடா, டம்ளர் மூன்றுமே சில்லென்று இருக்க வேண்டும். ஐஸை மட்டும் நம்பினால், அது கரைந்து சர்பத்தை நீர்க்கச் செய்வதுதான் மிச்சம்.

சோடாவின் 'சுருக்' குமிழி குத்துவதால் வருவதில்லை. நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் ஒரு நொதி இருக்கிறது. அது வாயுவை அமிலமாக்குவதைத்தான் நாம் சுவைக்கிறோம் என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். எரிச்சல் நரம்புகளும் கூடவே விழித்துக்கொள்கின்றன. குமிழிகளுக்கு வேறு வேலை உண்டு: மேலே வந்து உடையும்போது நுண்துளிகளைத் தெறித்து, நன்னாரி மணத்தை மூக்குக்கு அனுப்புகின்றன.

இனி உப்பு. எலுமிச்சையை ஆவேசமாகப் பிழிந்தால் வெள்ளைத் தோலின் கசப்பும் இறங்கும். ஒரு சிட்டிகை உப்பு அந்தக் கசப்பை அடக்கும், இனிப்பு தூக்கலாகத் தெரியும். உப்பைச் சோடாவின் மேல் தூவக்கூடாது. ஒவ்வொரு கல்லையும் பற்றிக்கொண்டு குமிழிகள் கிளம்பி, பாதி வாயு நுரையாகப் பொங்கிப் போய்விடும். பாகிலேயே எலுமிச்சையோடு உப்பைக் கரைத்து, இஞ்சிச் சாறு வேண்டுமானால் அதையும் அப்போதே சேர்த்து, சோடாவைக் கடைசியாக டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். ஸ்பூனால் ஒரு சுற்று போதும். நுங்கு கிடைக்கிற மாதமென்றால் இரண்டு சுளையை நசுக்கி அடியில் போடலாம்.