தாளா, திரையா?

கல்குடாவுக்கு அணித்தாக உள்ள வாழைச்சேனையில், 1950களின் நடுப்பகுதியில் ஒரு கடதாசி ஆலை நிறுவப்பட்டது. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதன் மூலப்பொருள்களாயின. தமிழில் நெல்லின் தண்டுக்கும் தாள் என்று பெயர்; எழுதும் கடதாசிக்கும் தாள் என்றே பெயர். வேளாண்மை வெட்டியபின் வயலில் எஞ்சிய தாள், பள்ளி மாணவன் கையில் எழுதும் தாளாக மாறியதை மட்டக்களப்பு நாடு கண்ணாரக் கண்டது. அத்தகைய நாட்டிலே இன்று, அச்சிட்ட நூலை வாங்குவதா, மின்னூற் கருவியை வாங்குவதா என்ற வினா எழுந்துள்ளது. இதனைப் புதுமை மோகம் என்று தள்ளிவிடுதல் ஆகாது. பிள்ளைகளின் கல்வியும் ஒரு சமூகத்தின் நினைவும் இவ்வினாவோடு பிணைந்துள்ளன.

முதலில் கருவியின் சிறப்பை நோக்குவோம். மின்னூற் கருவி கைபேசியினின்றும் வேறானது. அதன் திரையில் நுண்ணிய உறைகளுள் கருந்துகள்களும் வெண்துகள்களும் அடங்கியுள்ளன. மின்விசையால் அவை மேலும் கீழுமாக நகர்ந்து எழுத்துருவைத் தோற்றுவிக்கின்றன. பக்கம் மாறும்பொழுதே பெரிதும் மின்சாரம் செலவாவதால், ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்களுக்குப் படிக்கலாம். 2007ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் கருவியை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் நூல்களும் அதற்கென விற்பனைக்கு வந்தன. கண்ணொளி குன்றிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஒரு பேழை கொள்ளாத நூல்களை உள்ளங்கையில் அடக்கலாம். நல்ல புத்தகக் கடையைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டிய கரையோரச் சிற்றூரார்க்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

கடலோர மக்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் கறையானும் தாளின் பகைகள். அவற்றினும் கொடிய பகைகளையும் இக்கரை கண்டுள்ளது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. உயிர்களை இழந்த துயரத்தின் முன்னே நூல்களின் இழப்பைப் பேச எவர்க்கும் நா எழாது. ஆயினும் கூரை பறந்த வீட்டிலும் நீர் புகுந்த பள்ளியிலும் தாள் தப்புவது அரிது என்பதை அறியாதார் யார்? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு மறைந்தன.

அங்ஙனமாயின் தாளைக் கைவிட்டுத் திரையைப் பற்றிக்கொள்வதே அறிவுடைமை என்று தோன்றலாம். அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் நாவலின் ஒரு பதிப்பை, விலை கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நிறுவனம் நீக்கிற்று. விற்றவர்க்குப் பதிப்புரிமை இல்லை என்பது அதற்குக் காரணம், விலையும் திருப்பியளிக்கப்பட்டது. எனினும் தன் அலமாரியிலிருந்த நூலை விற்பவர் தொலைவிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. அச்சு நூலோ வாங்கியவரின் உடைமை. அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான். பின் அது அடுத்த வீட்டுக்குச் செல்லும். ஒரே நூல் ஒரு தெருவுக்கே ஆசானாகும். கருவியோ ஒரு வேளையில் ஒருவர் கையிலேதான் இருக்கும். வருவாய் குறைந்த மீன்பிடிக் குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் இருப்பின், நால்வர்க்கும் தனித்தனிக் கருவி வாங்குதல் இயலுமா?

2022ஆம் ஆண்டு இவ்விரு தரப்பையும் ஒருங்கே சோதித்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் இலங்கைக்குத் தாள் வந்து சேரவில்லை. மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைத் தேர்வுகள் தாளின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. பல ஆண்டுகளாகத் தளர்ந்து கிடந்த வாழைச்சேனை ஆலை, நாட்டின் தேவையை நிறைவு செய்யும் நிலையில் இல்லை. திரையேனும் கைகொடுத்ததா? அம்மாதத்தின் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. தாளை நம்பியவரும் தவித்தனர். மின்சாரத்தை நம்பியவரும் தவித்தனர். ஒன்றை மட்டும் நம்பியிருப்பது ஏதம் என்பதே அவ்வாண்டு நமக்குக் கற்பித்த பாடம்.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அச்சு ஓலையைவிட வலியது என்பதனால் மட்டும் அந்நூல்கள் பிழைக்கவில்லை. ஒன்றாயிருந்த படி நூறாகப் பெருகியதனாலேயே பிழைத்தன. மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை 1968ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. அதனால் வைகாசித் திங்களில் அம்மன் கோயில்களில் அதனைப் பாடும் வழக்கம் நின்றுவிடவில்லை. புதிய வடிவம் பழையதைக் கொல்ல வேண்டியதில்லை, காக்கவும் கூடும்.

இன்று அப்பணியை எண்ணிம நூலகங்கள் மேற்கொண்டுள்ளன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005ஆம் ஆண்டு முதல் தொகுத்துவரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகமும் விலையின்றி யாவர்க்கும் திறந்திருக்கின்றன. 1962இல் வெளியான 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற பிரதேச நூல்கள் எந்நாளும் கடைகளில் குவிந்து கிடப்பவை அல்ல. இத்தகைய நூல்கள் ஒரு பேழையோடு மடியாதிருக்க மின்படியே தக்க காவல்.

ஆதலின், பிள்ளையின் கையில் கொடுப்பதும் ஊர் வாசிகசாலையில் வைப்பதும் அச்சு நூலாகட்டும். அரிய பழைய நூல் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அடுத்த மாரி பெய்யுமுன் அதற்கொரு மின்படி எடுக்கப்படட்டும். கருவி வாங்க வசதியுள்ளவர் தாராளமாக வாங்குக. ஆனால் வீட்டு அலமாரியை வெறுமையாக்க வேண்டாம். தாள் நூலைக் கைக்குக் கை கொண்டுசெல்லும். திரை அதனைக் காலத்துக்குக் காலம் கொண்டுசெல்லும். நீரும் நெருப்பும் கண்ட இக்கரைக்கு இரண்டும் வேண்டும்.