நோய்க்குப் பெயர் வந்த கதை

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்கி மீளும் தமிழ்க் குடும்பத்தார், வீட்டில் ஒருவருக்கு உடல் கொதித்தால் "ஜுரம்" என்பர். அடுத்த வீட்டு வங்காளி அன்பர் "ஜோர்" என்பார். இரண்டும் "ஜ்வரம்" என்ற ஒரே வடசொல்லின் கிளைகள். மருத்துவர் "ஃபீவர்" என்பார். இம்மூன்றையும் நம் பிள்ளைகள் அறிவர். ஆனால் பாட்டி கூறும் "முறைக்காய்ச்சல்" என்னும் சொல்லை அறிந்தவர் எத்தனை பேர்?

முறை வைத்தாற்போல், விட்டுவிட்டு வருவது முறைக்காய்ச்சல். ஒருநாள் குளிரும் நடுக்கமும், மறுநாள் நலம், மூன்றாம் நாள் மீண்டும் நடுக்கம். பாட்டிக்குத் துணையாகச் செல்லும் பேரன் இதனை "ஃபீவர்" என்று மட்டும் பெயர்த்துக் கூறினால், மலேரியாவோ என்று ஐயுற்றுக் குருதியைச் சோதிக்கத் தூண்டும் முதற்செய்தியே மறைந்துவிடும். ஒரு சொல்லை இழப்பதால் இத்தனை கேடு நேரக்கூடும்.

"மலேரியா" என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்பது பொருள். சதுப்பு நிலத்து நாற்றக்காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலத்துப் பெயர் அது. ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். 1898இல் இக்கல்கத்தாவிலேயே, கொசுக்கடியால் அது பறவைக்குப் பறவை பரவுவதை மெய்ப்பித்தார். இன்று எஸ்.எஸ்.கே.எம். எனப்படும் மருத்துவமனையில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது. காற்று குற்றமற்றது என்று தெளிந்தது; பெயர் மட்டும் மாறவில்லை.

"காலரா" என்பதும் அத்தகையதே. கிரேக்க மொழியில் பித்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. நோய்க்கோ பித்தம் காரணமன்று. நம்மவர் இட்ட பெயர் "வாந்திபேதி". வங்காளியர் இட்ட பெயர் "ஓலாவுட்டா". ஓலா என்பது கீழிறங்குதல், உட்டா என்பது மேலெழுதல். ஒருவரையொருவர் கேளாமலே இரு மொழியினரும் ஒன்றையே கூறியது வியப்பன்றோ!

1884இல் இராபர்ட் காக் இந்நகரில் காலராக் கிருமியைத் தனியே பிரித்துக் காட்டினார். அக்கிருமியின் நஞ்சே உடலின் நீரை வெளியேற்றுகிறது என்று 1959இல் கல்கத்தா மருத்துவர் சம்பூநாத் டே நிறுவினார். 1971இல் எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரைப் பருகச் செய்தார். 100க்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. வெளியேறும் நீரை மீண்டும் ஊட்டுவதே உயிர்காக்கும் வழி. நீர் வெளியேறும் இரு வழிகளையும் நம் நாட்டுப் பெயர்கள் முன்பே சுட்டியிருந்தன.

இறுதியாக, "காலா அசார்". காலா என்பது கறுப்பு. அசார் என்பது நோய். உடல் கறுக்கக் கண்ட மக்கள் இட்ட பெயர். இந்நகரை அடுத்த டம்டமில் பணிபுரிந்து இறந்த படைவீரர் ஒருவரின் உடலில் அதன் கிருமியை லீஷ்மன் கண்டார். அதனையே 1903இல் சென்னையில் டோனோவன் கண்டார். இருவர் பெயராலும் அது "லீஷ்மேனியா டோனோவனி" ஆயிற்று. அதற்கு யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தை ஆக்கி அளித்தவர் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. சென்னையும் கல்கத்தாவும் ஒரே நோயின் வரலாற்றில் கைகோத்து நிற்கின்றன.

இவற்றால் நாம் பெறும் படிப்பினை யாது? மேனாட்டுப் பெயராயினும் நாட்டுப் பெயராயினும், பெயரே காரணம் ஆகிவிடாது; காரணத்தை ஆராய்ச்சியே காட்டும். ஆயினும் நம் பழஞ்சொற்களில் முன்னோர் கண்ணாரக் கண்ட குறிகள் அடங்கியுள்ளன. பிள்ளைகள் வங்காளமும் ஆங்கிலமும் நன்கு கற்கட்டும். அவற்றோடு பாட்டியின் நோயைப் பாட்டியின் சொல்லிலேயே கேட்டு, அதன் பொருள் குறையாமல் மருத்துவரிடம் எடுத்துரைக்கவும் பழகட்டும். இன்றிரவு உணவு வேளையில், வீட்டுப் பெரியவரிடம் அத்தகைய சொல் ஒன்றையேனும் கேட்டறியச் செய்யுங்கள்.