விலை பார்க்கும் கருவி திறந்துவிட்ட வழி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகருக்கு அருகே ஒரு மார்ஷல்ஸ் துணிக்கடை. ஊழியர்களின் கையில் விலை சரிபார்க்கும் சிறு கணினிகள். அவை வைஃபை வழியாகக் கடையின் கணினிக்குத் தகவல் அனுப்பின. 2005இல் இந்தத் தகவல்களைக் கடைக்கு வெளியிலிருந்தே இடைமறித்தவர்கள், தாய் நிறுவனமான டிஜேஎக்ஸின் மையக் கணினிவரை ஊடுருவினார்கள் என்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. களவு போனவை குறைந்தது 4.57 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் என்று 2007இல் நிறுவனம் அறிவித்தது.

அங்கே குறியாக்கம் இல்லாமல் இல்லை, இருந்தது டபிள்யூஇபி. 1997இல் வைஃபையோடு சேர்ந்தே பிறந்த முறை அது. அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவி மாற வேண்டும் என்பதற்காக, ரகசியச் சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்த்தது. அப்படி அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 1.68 கோடிதான். நெரிசலான வலையமைப்பில் சில மணி நேரத்திலேயே அவை திரும்ப வரத் தொடங்கிவிடும். போதாததற்கு, அந்த எண் மறைக்கப்படாமலே காற்றில் போகும். அதை வைத்தே சாவியைக் கறக்கலாம் என்று 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மாற்று இல்லாமலும் இல்லை. 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் ஏஇஎஸ் குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2 வந்தன. ஆனால் பழைய கையடக்கக் கருவிகள் பலவற்றின் வைஃபை சில்லுகளால் ஏஇஎஸ் கணக்கைப் போட முடியாது. அவற்றுக்காகப் பழைய முறையை விட்டுவைத்தால், புதிய கருவிகளுக்கும் சேர்த்தே ஆபத்து.

குறியாக்கம் கேள்வியின் பாதிதான். உள்ளே வருவது யார் என்பது மறுபாதி. வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். 8 முதல் 63 எழுத்துகள். டபிள்யூபிஏ2 அதை வலையமைப்பின் பெயரோடு சேர்த்து 4,096 முறை கடைந்து 256 பிட் சாவியாக்குகிறது. கடவுச்சொல் காற்றில் போவதில்லை. ஆனால் இணைப்பு தொடங்கும் நேரத்துப் பரிமாற்றத்தைப் பதிவு செய்தவர், அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஆற அமரச் சோதிக்கலாம். நீளமான கடவுச்சொல்தான் இதற்குத் தடை. 2018இல் வந்த டபிள்யூபிஏ3, ஒவ்வொரு ஊகத்துக்கும் வலையமைப்பையே நேரில் அணுக வைத்து அந்த வழியை அடைத்தது.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஆளுக்கொரு பயனர் பெயர் உண்டு. அங்கே உங்கள் கைபேசியும் எதிர்முனையை அதன் சான்றிதழ் கொண்டு சோதிக்க வேண்டும். சான்றிதழ் கேட்கும் இடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்தால், அதே பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் உங்கள் அடையாளம் போய்ச் சேரக்கூடும்.

ஆகவே டபிள்யூபிஏ3, இல்லாவிட்டால் ஏஇஎஸ் உள்ள டபிள்யூபிஏ2. இரண்டும் ஓடாத கருவியை உடனே மாற்ற முடியாதென்றால், பணமும் பதிவேடுகளும் புழங்காத தனி வலையமைப்பில் மட்டும் சேருங்கள்.