கடலின் வேலையைச் செய்த ஆன்னா

"கடல் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா, மாமா?" என்று கேட்ட என் கெட்டிக்காரக் கண்ணே, நல்ல கேள்வி!

முடியும். ஆனால், கடல் தன் மீன்களுக்காக எத்தனையோ வேலைகள் செய்கிறது. மீன் வீட்டுக்கு வந்தால், அவற்றை நாம்தான் செய்யவேண்டும்.

இங்கிலாந்தில் ஆன்னா தின் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1846இல் டார்க்கீ என்ற கடலோர ஊரில் பவள உயிரிகளைச் சேகரித்தார். லண்டனுக்குப் போகும் வழியில் அவை உருண்டு அடிபடக் கூடாதே! ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் அவற்றைத் தைத்துவிட்டார்!

லண்டனில் கடல் ஏது? கடல்நீரை வரவழைத்தார். எப்போதும் புதுநீர் கிடைக்குமா? கிடைக்காதபோது, இருந்த நீரையே ஜன்னலோரம் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். டீக்கடையில் டீ ஆற்றுவார்களே, அந்த மாதிரி! வீட்டுப் பணிப்பெண்தான் கை வலிக்க வலிக்க ஆற்றினார். அந்தப் பவளங்கள் பிழைத்ததில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு.

ஏன் அப்படி ஊற்றினார்கள்? சொல் பார்க்கலாம்... ஆமாம், நீரில் காற்று கலக்கத்தான்! கடலில் அதை அலைகள் செய்கின்றன. பிறகு ஆன்னா கடற்பாசிகளையும் போட்டார். வெளிச்சத்தில் அவை ஆக்சிஜன் தந்தன.

இன்று ஆற்றும் வேலையை மோட்டார் செய்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் கடல்நீர் தயார். உடனே மீனை விடலாமா?

கூடாது, கண்ணே! புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் பொறுக்க முடியாத கட்டம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான்! இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் தீங்கு மிகக் குறைவு. அவ்வப்போது கொஞ்சம் நீரை மாற்றினால் அதுவும் குறையும். இந்தக் குட்டித் துப்புரவாளர்கள் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே இருக்காது. ஆனாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும். புரிகிறதா?

இப்போது ஒரு புதிர். வெயிலில் தொட்டி நீர் குறைந்துவிட்டது. உப்புநீர் ஊற்றலாமா, நல்லநீர் ஊற்றலாமா? யோசி... நல்லநீர்தான்! நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குளோரின் கலந்த குழாய்நீர் வேண்டாம். வடிகட்டிய தூயநீர் நல்லது.

முதல் மீனாகக் கோமாளி மீனைக் கேள். அதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அறிவார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த மீனையே வாங்கச் சொல். மன்னார் வளைகுடாப் பவளத்தை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே. அது சட்டம் காக்கும் உயிர். கடலிலேயே இருக்கட்டும்.