பாதுகாப்பு மேலாளர் மேற்கொண்டு எதைக் கற்பது?

2024-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மாலை மும்பையில் கடும் புழுதிக் காற்று வீசியது. காட்கோபரின் சேடா நகர்ப் பகுதியில் நின்ற மாபெரும் விளம்பரப் பலகை அடியோடு சாய்ந்து, அருகிலிருந்த பெட்ரோல் நிலையத்தின்மீது விழுந்தது. 17 பேர் உயிரிழந்தனர். பலகையின் அளவு ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. நீளமும் அகலமும் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும். அதன்மீது காற்றுச் செலுத்தும் விசையும் அவ்வாறே பெருகும். காற்றின் வேகம் இருமடங்கானாலோ விசை நான்கு மடங்காகும்.

இது பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கே. ஆயினும், “இதன் அஸ்திவாரம் இவ்விசையைத் தாங்குமா? சோதித்துச் சான்றளித்தவர் யார்?” என்று உரிய காலத்தில் வினவுவதைத் தம் கடமையாகக் கொண்ட ஒருவர் வேண்டும். தொழிலகங்களில் அக்கடமையைத் தாங்குபவர் பாதுகாப்பு மேலாளர். அவர் பெறவேண்டிய கல்வி எது என்பது, ஆகவே, அவருடைய ஊதிய உயர்வை மட்டும் பொறுத்த வினா அன்று. பலருடைய உயிரைப் பொறுத்த வினாவும் ஆகும்.

காட்கோபர் இவ்வினாவை ஆராய ஏற்ற இடம். அதன் வடக்கே விக்ரோலியின் யந்திரத் தொழிற்சாலைகள். தென்கிழக்கே செம்பூரையும் மாகுலையும் ஒட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும். தெற்கே குர்லா, தாராவி ஆகிய இடங்களில் எண்ணற்ற சிறு பட்டறைகள். இவற்றுள் ஒன்றில் புதிதாகப் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்ற ஒரு பொறியியல் பட்டதாரியை எண்ணிப் பார்ப்போம். சான்றிதழ்களின் பெயர்கள் அவர்முன் வரிசையாக நிற்கின்றன. எதில் முதலில் சேர்வது?

சட்டம் கேட்பது

முதலில் நோக்கவேண்டுவது சட்டத்தை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் தொழிற்சாலை பாதுகாப்பு அதிகாரிகளை நியமிக்கவேண்டும் என்பது அப்பிரிவு. போபால் விஷவாயு விபத்து 1984-இல் நேர்ந்தது. அதன் விளைவாக 1987-இல், அபாயகரமான செய்முறைகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் அச்சட்டத்தில் இடம்பெற்றது.

2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பைக் குறைத்தது. பொதுவான தொழிற்சாலைகளுக்கு 500 தொழிலாளர், அபாயகரமான செய்முறை நடைபெறும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் 250, சுரங்கங்களுக்கு 100. முன்னர் இக்கடமைக்கு உட்படாத பல தொழிலகங்கள் இதனால் உட்படுகின்றன. தகுதி பெற்றோரின் தேவையும் பெருகுகிறது.

அதிகாரியின் தகுதி என்ன என்பதை அரசு வகுக்கும் விதிகளே கூறும். பழைய சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பொதுவாக மூன்றைக் கேட்டன: பொறியியல் அல்லது விஞ்ஞானக் கல்வியும் தொழிற்சாலை அனுபவமும், அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டம் அல்லது பட்டயம், அவ்வட்டாரத் தொழிலாளருள் பெரும்பாலோர் பேசும் மொழியறிவு. ஆகவே, எப்படிப்பாயினும் பணம் கட்டுமுன், அது தாம் பணிபுரியும் மாநிலத்தில் ஏற்கப்படுகிறதா என்பதை நடப்பு அறிவிக்கையைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

சயானில் உள்ள கல்விக்கூடம்

காட்கோபரிலிருந்து மின்சார ரயிலில் வித்யாவிஹார், குர்லா நிலையங்களைக் கடந்தால் அடுத்தது சயான். மத்தியத் தொழிலாளர் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இது மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகத்தைச் சார்ந்தது. சென்னை, கான்பூர், கொல்கத்தா, பரீதாபாத் ஆகிய நகரங்களில் இதன் வட்டார நிறுவனங்கள் உள்ளன.

இங்கு நடைபெறும் தொழிற்பாதுகாப்பு உயர் பட்டயப் படிப்பு ஓராண்டுக்காலம் கொண்டது. யந்திரக் காப்பு, மின்சாரம், தீ, இரசாயன அபாயங்கள், தொழில் சுகாதாரம், சட்டம் முதலியவற்றை ஒருசேரப் பயிற்றுவிப்பது இதன் சிறப்பு. தொழிற்சாலை மருத்துவர்களுக்கென மூன்று மாதப் பயிற்சி ஒன்றும் உண்டு. பாதுகாப்புச் சாதனங்களை நேரில் காட்டும் நிலையான பொருட்காட்சி ஒன்றும் இவ்வளாகத்தில் அமைந்துள்ளது. இந்தியத் தொழிற்சாலையில் சட்டப்படியான அதிகாரியாக விளங்க விரும்புவோருக்கு, அரசு ஏற்ற இத்தகைய பட்டயமே முதற்படி. முழுநேரப் படிப்புக்கு ஓராண்டு விடுப்பும் நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு.

கடல் கடந்த சான்றிதழ்கள்

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர் பெரும்பாலும் நாடுவது பிரிட்டனின் ‘நெபோஷ்’ சான்றிதழை. 1979-இல் நிறுவப்பட்ட இத்தேர்வு வாரியத்தின் சர்வதேசப் பொதுச் சான்றிதழைப் பெறுவோர், தாம் தெரிந்தெடுத்த ஒரு பணியிடத்தின் அபாயங்களை ஆய்ந்து அறிக்கையும் எழுதவேண்டும். இது நற்பயிற்சியே. வெளிநாட்டு நிறுவனங்களும் பெரும் ஒப்பந்தக்காரர்களும் இதனை மதிக்கின்றனர். எனினும், இந்திய விதிகள் கேட்கும் பட்டயத்துக்கு இது தானாகவே ஈடாகிவிடாது. இவ்வேறுபாட்டை அறியாமல் சேமிப்பைச் செலவிட்டபின் வருந்துவதில் பயனில்லை.

2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 45001 தரத்தை ஒட்டிய தணிக்கையாளர் பயிற்சி சில நாட்களில் முடிவது. ஏடுகளையும் நடைமுறைகளையும் ஒழுங்குபடுத்த அது உதவும். அடிப்படைக் கல்வியின் இடத்தை அது நிரப்பாது.

அபாயத்தை ஒட்டிய கல்வி

அடிப்படைப் பட்டயம் பெற்றபின் அடுத்த படிப்பைத் தீர்மானிக்கவேண்டியது விளம்பரம் அன்று. தம் தொழிற்சாலையின் அபாயமே. இரசாயன ஆலையில் இருப்பவருக்குச் செய்முறைப் பாதுகாப்பு தேவை. குழாயில் ஓட்டம் நின்றால் என்ன, மிகுந்தால் என்ன, திசை மாறினால் என்ன என்று ஒவ்வொன்றாக வினவி ஆராயும் முறை அதன் உயிர்நாடி. வார்ப்படச் சாலையில் இருப்பவர் தூசியையும் இரைச்சலையும் அளக்கும் தொழில் சுகாதாரத்தைக் கற்பது நலம். சிலிகாத் தூசி நுரையீரலைச் சிதைப்பது கண்ணுக்குத் தெரியாமலே நிகழ்வதன்றோ! கட்டுமானப் பணியில் இருப்பவர் சாரம், பாரந்தூக்கி, உயரத்தில் வேலை ஆகியவற்றில் தேர்ச்சி பெறவேண்டும்.

ஆழ்ந்த ஆராய்ச்சியில் நாட்டமுடையோருக்குத் தொழிற்பாதுகாப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் உண்டு. திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் இதனைக் கற்பிக்கிறது. பட்டாசுத் தொழில் மிகுந்த சிவகாசிப் பகுதியிலும் இப்படிப்பு உள்ளது. அபாயம் உள்ள இடத்திலேயே அதனைக் கற்கும் கல்வியும் அமைவது பொருத்தமே.

எந்தப் படிப்பாயினும் அது ஓர் அடிப்படை ஒழுங்கைக் கற்பிக்கவேண்டும். அபாயத்தை அடியோடு நீக்குவது முதல் வழி. இயலாவிடில் அபாயம் குறைந்த பொருளை மாற்றாக வைப்பது. பின்னர் யந்திரக் காப்பு. அதன்பின் வேலை முறைகள். இறுதியிலேயே தலைக்கவசமும் கையுறையும். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, கவசம் வழங்குவதோடு கடமை முடிந்தது எனக் கருதுபவர் எத்தனை சான்றிதழ் பெற்றும் பயன் சிறிதே.

மொழியும் ஒரு தகுதி

விதிகள் கேட்ட மூன்றாவது தகுதியை எந்தத் தேர்வும் முழுமையாக அளப்பதில்லை. மும்பையின் தொழிற்சாலையில் மராத்தியும் இந்தியும் தமிழும் பேசுவோர் ஒரே யந்திரத்தைச் சூழ்ந்து நிற்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பின்னரே பழுது பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டால், அதைப் படிக்க இயலாதவருக்கு அது வெறும் தகடே. மராத்தியில் பத்து வாக்கியங்களைத் தெளிவாகச் சொல்லக் கற்பதும், தொழிலாளி தயங்கிச் சொல்லும் குறையைப் பொறுமையுடன் கேட்பதும் இப்பணியின் மேற்படிப்பே ஆகும்.

ஆகவே, புதிய பாதுகாப்பு மேலாளர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று. இப்படிப்பைத் தம் மாநிலச் சட்டம் ஏற்கிறதா? தம் தொழிற்சாலையில் உயிரைப் பறிக்கக்கூடிய அபாயத்தை இது கற்பிக்கிறதா? கற்றதைத் தொழிலாளியிடம் அவர் மொழியில் சொல்லத் தம்மால் இயலுமா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை கூறும் கல்வியே அவர் தேர்ந்தெடுக்கத்தக்கது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு, ஐயம் தீரும்வரை வேலையை நிறுத்திவைக்கும் துணிவையும் அக்கல்வி அளிக்குமாயின், அதன் பயன் மாலையில் நலமாக வீடு திரும்பும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் விளங்கும்.