அச்சத்தினூடே பிறக்கும் நகை

அச்சமூட்டுவதற்கென்றே எடுக்கப்பெற்ற மர்ம நாடகத்தைக் கண்டு நாம் சில வேளைகளில் சிரித்துவிடுகின்றோமே, அது ஏன்? இவ்வினாவை என்னுள் முதலில் எழுப்பியவர் எந்த அறிஞரும் அல்லர். பெரகலையை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்த முதிய அப்பாயி ஒருவரே.

இலங்கை ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சில காலத்தின் பின் அந்த லயத்திற்கும் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்ந்தது. மின்சாரம் இல்லாமையால் கார் பற்றரியே அதற்கு உயிர். ஓர் இரவு, கொலைக் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. கத்தியேந்திய ஒருவன் மெல்ல மெல்ல நெருங்கி வருகின்றான். சிறுவர்களாகிய நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அவ்வேளை பற்றரி தளர்ந்தது. படம் நாற்புறமும் சுருங்கிற்று. கொலைகாரனும் சேர்ந்து சுருங்கினான். "பாவம், கொல்ல வந்தவனுக்கே சீவன் போகுதே!" என்றார் அப்பாயி. அறை முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது.

தொல்காப்பியர் தம் மெய்ப்பாட்டியலில் நகை, அச்சம் ஆகிய இரண்டையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதமையும் ஒன்றென்றார். வீட்டினுள் கள்வன் இருப்பதை அறிந்தும், விளக்கேற்றாது தனியே மாடிப்படி ஏறும் கதாநாயகியைக் கண்டு நாம் நகைப்பது இப்பேதமை பற்றியே. அவளுடைய பேதமை என்பதினும், கதை வகுத்தவருடைய பேதமை என்பதே பொருந்தும்.

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1790ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமற் போவதே சிரிப்பின் காரணம் என விளக்கினார். 1860இல் ஆங்கில அறிஞர் ஸ்பென்சர், உள்ளே திரண்ட நரம்பாற்றல் வழி தேடி வெளிப்படுவதே சிரிப்பு என்றார். ஆகவே, இறுக்கம் மிகுந்தவிடத்துச் சிறு பிழையும் பெருஞ்சிரிப்பை விளைவித்தல் வியப்பன்று. ஒரே முகத்தை மும்முறை நெருக்கிக் காட்டி, மும்முறையும் இடியோசை எழுப்பினால், முதல் இடிக்கு அஞ்சுவோம், மூன்றாவதற்கு நகைப்போம்.

ஓசையின்றி அச்சமூட்ட இயலாதோ எனின், இயலும். எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் திரைப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை. கொலையாளி யார் என்னும் ஒரே வினா நம்மை இறுதிவரை ஈர்த்து நிறுத்துகின்றது.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தியாக நான் கூறவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே எந்தப் பின்னணி இசையும் ஒலிக்கவில்லை. முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்து வந்தனர்.

அதன் பின்னர் ஒரு மாரியில், ஆபத்து வருமுன் தோன்றும் அறிகுறிகள் யாவை என என் வகுப்பில் வினவினேன். "முதலில் மியூசிக் கேட்கும், சேர்" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். பின்னர் வகுப்பு தானாகவே அமைதியுற்றது. அன்று நான் கரும்பலகையில் எழுதியவை இவை: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று, அல்லது திடீரென வற்றிய ஊற்று.

பொய்யச்சத்தைக் கண்டு நகைப்பது குற்றமன்று. அது அறிவு விழித்திருப்பதற்கு அடையாளம். அவ்விழிப்பு மெய்யான ஆபத்தின் ஓசையற்ற வருகையையும் அறிந்துகொள்ளுமாயின், நம் சிரிப்பும் பயனுடையதாகும்.